லோகா தழை

முகுந்தன் அண்ணன் அந்தப் பெயரை நான்கு முறை பதிந்தார். நான்கு முறையும் அதை நீக்கியவள் நான்தான்.

அது அவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. திரையில் இருந்தது ஒரு பயனர் பெயரும் ஒரு செடியின் படமும் மட்டுமே. நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் நகரத்தில். செடிகளையும் பறவைகளையும் படம் பிடித்தால் இன்னதென்று அடையாளம் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றில், தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் ஆறு பேரில் நானும் ஒருத்தி. நான்கு பேர் தமிழ்நாடு, ஒருவர் யாழ்ப்பாணம், மலேசியாவுக்கு நான். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் மலாய்ப் பள்ளியில் ஐந்து வருடமும் படித்துவிட்டு வெளியேறியவள். என் தமிழ் சரிதானா, மற்ற ஐவரும் மனதுக்குள் சிரிப்பார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தினாலேயே விதியை விட்டு நகர மாட்டேன்.

விதியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு செடியைப் படம் எடுத்தால், செயலி முதலில் அதன் அறிவியல் பெயரைக் கண்டுபிடிக்கும். பிறகு உங்கள் கைப்பேசி எந்த மொழியில் இருக்கிறது, நீங்கள் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று பார்க்கும். தமிழ், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலம் என்றால், நெகிரி செம்பிலானுக்கென்று குறித்த தமிழ்ப் பெயரைத் தேடும். இல்லாவிட்டால் மலேசியாவுக்கென்று குறித்தது. அதுவும் இல்லாவிட்டால் ஊர் எதுவும் குறிக்காத பொதுவான தமிழ்ப் பெயர். அந்தப் பொதுப் பெயர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்ததாக இருக்கும். புத்தகங்கள் அங்கேதானே அச்சாகின்றன. புதிய பெயர் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் அது அச்சில் வந்திருக்க வேண்டும். அல்லது, சேர்ப்பவரைத் தவிர அந்த வட்டாரத்து ஆட்கள் இருவர், தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, 'நாங்கள் இப்படித்தான் சொல்வோம்' என்று எழுத வேண்டும். சொந்தமாக இட்டுக்கட்டிய பெயர்களும், வீட்டார் பெயரைச் செடிக்குச் சூட்டுவதும் கூடாது.

அவர் பதிந்த செடி எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடுகளில் முழங்கால் உயரத்துக்கு மண்டிக்கிடக்கும் களை. வெள்ளைப் பூ, கீழிதழில் மட்டும் ஊதா தெறித்திருக்கும். ஆங்கிலத்தில் அதைச் சீன வயலட் என்பார்கள். மலாய்க்காரர்கள் இஸ்ராயேல் புல் என்பார்கள். அறிவியல் பெயரிலோ கங்கை இருக்கிறது. தமிழ்ப் பட்டியலில் ஒரே பெயர், மிதிகீரை. அதன் கீழே அவர் 'லோகா தழை' என்று பதிந்திருந்தார்.

லோகா என்பது ஆள் பெயர் போல இருந்தது. நீக்கினேன். மறுநாள் மறுபடி வந்தது. நீக்கினேன். மூன்றாம் முறை, வழக்கமாக ஒட்டும் வாசகத்தை ஒட்டினேன்: 'இப்பெயர் வழக்கில் உள்ளதற்குச் சான்று தேவை. தாங்களே உருவாக்கிய பெயர்களை ஏற்பதற்கில்லை.' நான்காம் முறை நீக்கிய அன்று குறிப்புப் பெட்டியில் இப்படி வந்திருந்தது:

'ஐயா நான் ஏமாத்தலை. பாலத்தடி தோட்டம் சிரம்பான் போர்ட்டிக்சன் ரோடு. பதினாலாம் நம்பர்ல நாங்க எல்லாரும் இப்படித்தான் சொன்னோம். லோகேஸ்வரி என் சம்சாரம். இப்ப இல்ல. இப்படிக்கு முகுந்தன் மண்டோர்.'

பாலத்தடி நான் பிறந்த ரப்பர் தோட்டம், அங்கே ஒவ்வொரு காட்டுத் துண்டுக்கும் ஒரு எண். என் அப்பா அங்கே லோரி ஓட்டினார். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்பாங்கானுக்குக் குடிபெயர்ந்தோம். முகுந்தன் அண்ணன் எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், மூன்றாவது கதவு. லோகா அக்கா எனக்குச் சடை பின்னிவிட்டிருக்கிறார்.

அடுப்பை அணைத்துவிட்டு எண் கேட்டு எழுதினேன். அன்றைக்கே பேசினோம்.

"யாரு, லோரி மகேந்திரன் மகளா? ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு லோரி முன்னுக்கு குந்தியிருக்குமே, அதுவா?"

"அதேதாண்ணே."

"நீயா எம் பேர அழிச்ச?"

"நான்தான்."

"நாலு தடவையும்?"

"நாலு தடவையும்."

 சிரித்தார். "பரவால்ல லா. யாரோ தெரியாதவன்னு நெனச்சு நாலு நாளா ஏசிக்கிட்டிருந்தேன். தெரிஞ்ச பிள்ளதான் அழிச்சிருக்கு."

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பேசினோம். அவர் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தது பாதி, அவர் சொல்லித் தெரிந்துகொண்டது பாதி.

முகுந்தன் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தார். பதினாறு வயதில் புல்வெட்டு வேலை. முப்பதில் மருந்தடிக்கும் கூட்டத்துக்கு மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. அந்த வேலையைப் பெண்கள்தான் செய்தார்கள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகக் களைக்கு மருந்தடிப்பார்கள். மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருவர் அவர் மனைவி லோகேஸ்வரி. மண்டோர் மனைவி என்று லேசான வேலை எதையும் அவர் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் மற்ற பத்துப் பேரும் விட்டிருக்க மாட்டார்கள்.

நாங்கள் கிளம்பிய பிறகு பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அந்தக் களை அதற்குப் பின்னால்தான் பரவியது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, பெயரும் தெரியாது. லோகா அக்காவிடம் அப்போது இரண்டு ஆடு. வேலை முடிந்ததும் பம்பைக் கழுவி வைத்துவிட்டு, மருந்து படாத பக்கமாகப் போய் அந்தத் தழையை அறுத்து, கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார். ஆடுகள் வேறெதையும் தொடாமல் அதையே தின்றன. இரண்டு ஆடு பதினொன்றாயிற்று. "மண்டோரே, ஒங்க சம்சாரம் தழைய நாங்க அடிக்கவா, விடவா?" என்று கூட்டத்தில் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். கேலியே கொஞ்ச நாளில் பெயராகிவிட்டது. தோட்டத்தில் பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. பெரட்டில் அலுவலகக் கணக்குப்பிள்ளை கிராணியே சொல்லத் தொடங்கினார்: "பதினாலாம் நம்பர், லோகா தழை."

"மொத தடவ கிராணி சொன்னப்ப அவ என்னப் பாத்து மொறைச்சா," என்றார் முகுந்தன் அண்ணன். "ஆபீஸ் ரூம்புல எம் பேர வச்சுப் பேசுறீங்களான்னு வீட்டுக்கு வந்து சண்ட. அப்பறம் பழகிருச்சு. அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. ஏங்க, எந்தழ ஆறாம் நம்பர்ல நல்லா தளதளன்னு இருக்கு, அத மட்டும் கடைசியா அடிங்கன்னு."

மருந்தடித்த காட்டின் ஓரத்தில் குச்சி நட்டு அதில் சிவப்புத் துணி கட்டுவது தோட்டத்தில் வழக்கம். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் துணியைப் பார்த்தால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். இரண்டாயிரத்து எட்டில் லோகா அக்கா சிறுநீரகம் கெட்டுச் சிரம்பான் மருத்துவமனையில் படுத்திருந்தார். அண்ணன் பகலெல்லாம் அங்கே இருந்தார். அந்த நாளில் வெளியிலிருந்து குத்தகைக்கு வந்த கூட்டம் ஒன்று பதினாலாம் நம்பரில் மருந்தடித்துவிட்டுத் துணி கட்டாமல் போய்விட்டது. சாயங்காலம் பேருந்தை விட்டு இறங்கியவர், ஆடுகள் கத்துகின்றனவே என்று, இருட்டுவதற்குள் ஒரு கட்டுத் தழை அறுத்துப் போட்டார். பதினாலாம் நம்பரில்.

மூன்று நாளில் ஏழு ஆடு போயிற்று.

லோகா அக்கா வீட்டுக்கு வந்து பட்டியைப் பார்த்தார். "எந்த நம்பர்ல அறுத்தீங்க?" என்றார். பதினாலு என்றார் இவர். "துணி இல்லையா?" என்றார். இல்லை என்றார் இவர்.  மிச்சமிருந்த நான்கையும் அக்கா யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் ஆடி மாதத்தில் இறந்துபோனார். இருபது வருடம் முதுகில் சுமந்த மருந்தினாலா என்று மருத்துவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவர் அஸ்தியைப் போர்ட்டிக்சன் பக்கத்துச் சி ரூசா கடலில் கரைத்தார்கள். தோட்டத்தில் ஒரு பாதியை வீடு கட்ட விற்றபோது லயங்களை இடித்தார்கள். முகுந்தன் அண்ணன் பாரோயில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். இப்போது அம்பாங்கானில் தாமான் எனப்படும் குடியிருப்பு ஒன்றுக்குக் காவல் காக்கும் ஜாகா வேலை, வாசலில் தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்குவது. மகள் ரோகினி ஜோகூரில் இருக்கிறாள். அப்பா சும்மா உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறாரே என்று, அவள்தான் தன் பழைய கைப்பேசியில் இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஜாகா கொட்டகையின் வேலியோரம் முதலில் அவர் எடுத்த படத்தில் இருந்தது அந்தக் களை. திரையில் மிதிகீரை என்று வந்தது.

"எவனோ பேர மாத்திட்டான்னு நெனச்சேன்," என்றார்.

ஏன் இவ்வளவு தூரம் அலைகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அவ பேரு எங்க எழுதியிருக்கு சொல்லு," என்றார். "கோயில் கல்லுல இல்ல. வீட்ட இடிச்சாச்சு. ஐசி கார்டுல இருந்துச்சு, அதையும் செத்ததும் வாங்கிட்டாங்க. நான் இருக்கறவரைக்கும் எனக்குத் தெரியும், அப்பறம் ரோகினிக்குத் தெரியும். அதுக்கப்பறம்? செடி இருக்கும்ல."

சான்று வேண்டும் என்றேன். இரண்டு பேர். அவரைத் தவிர.

"ரெண்டு பேருதானே? பதினோரு பேர வேல வாங்குனவன்மா நான்."

ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பதினோரு பெயரையும் எழுதினார். லோகேஸ்வரி என்று முதலில் எழுதி அவரே அடித்தார். முத்தாயி இறந்துவிட்டார். வேறு மூன்று பேரும் இப்போது உயிரோடில்லை. மூன்று பேர் கிள்ளானுக்கும் ஜோகூருக்கும் போனவர்கள். இருந்த எண்கள் வேலை செய்யவில்லை. ஒருவர் மகன் வீட்டில் படுத்த படுக்கை, இவரையே அடையாளம் தெரியவில்லை. இன்னொருவர், "பேரெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா, அந்த மருந்து நாத்தந்தான் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டார். மிஞ்சியது புஷ்பவள்ளி. சி ரூசாவில் கடற்கரை விடுதி ஒன்றில் அறை கூட்டுகிறார்.

விடுப்பு நாளில் பேருந்து பிடித்துப் போனார். விடுதியின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த புஷ்பவள்ளி அக்கா, இவரைப் பார்த்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாராம்.

"என்னா மண்டோரே, இன்னும் எங்கள வேல வாங்கறத விடலியா?"

இவர் கைப்பேசியில் படத்தைக் காட்டினார்.

"லோகா தழை," என்றார் அவர். பிறகு துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். "இத இங்க கொண்டாந்து காட்டுறியே முகுந்தா. அவ நெனப்புல்ல வருது."

கணக்குத் தொடங்க மின்னஞ்சல் வேண்டும், கடவுச்சொல் வேண்டும். மருமகள் வேலையிலிருந்து வரும்வரை இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் என் திரையில் முதல் சான்று வந்திருந்தது. 'நாங்க லோகா தழைனுதான் சொல்லுவோம். புஷ்பவள்ளி.' நான் அதை மூன்று நான்கு முறை படித்தேன்.

இன்னும் ஒருவர்.

லோகா அக்கா இறந்த பிறகு கூட்டத்தில் சேர்ந்தவன் ஒருவன் இருக்கிறான், புவனேஸ்வரன், அம்பாங்கானில்தான் இருக்கிறான் என்றார் அண்ணன். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார். அடுத்த வாரமும் பார்க்கிறேன் என்றார். சி ரூசாவரை போனவர், வேலை பார்க்கும் தாமானிலிருந்து பத்து நிமிடத் தூரத்துக்கு ஏன் போகவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

டிசம்பரில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று ஊருக்கு வந்தேன். அம்மா நலமாக வீடு திரும்பியதும், அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு புவனேஸ்வரன் வீட்டுக்கு நானே போனேன். புவனேஸ்வரனுக்கு நாற்பது வயது இருக்கும். இப்போது தாமான்களில் புல் வெட்டும் வேலை. வாசலில் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்தார்.

"மண்டோர், வாங்க வாங்க. ஒக்காருங்க. யாரு இது, வெளிநாட்டு சொந்தமா?"

"லோரி மகேந்திரன் மக. இந்தச் செடி என்னாப்பா? பாத்துச் சொல்லு."

புவனேஸ்வரன் படத்தைப் பார்த்த உடனே சொன்னார். "ரும்புட் லோகா."

ரும்புட் என்றால் மலாயில் புல். நான் கேட்டேன், "தமிழ்ல எப்படிச் சொல்வீங்க?"

"தமிழ்லயா?" யோசித்தார். "தமிழ்ல சொன்னதில்லியே அக்கா. நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து ரும்புட் லோகாதான். மண்டோரே அப்படித்தானே சொல்வாரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையில் கிடந்த கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். புவனேஸ்வரன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதுக்கு ஏன் இவ்ளோ யோசிக்கிறீங்க? நான் தமிழ்லயே கேட்டேன்னு போட்டுட்டா முடிஞ்சிருச்சு. யாரு வந்து பாக்கப் போறா? குடுங்க போன."

என் மனம் போனது எங்கே என்று மறைக்க விரும்பவில்லை. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு வரி. அதைச் சரிபார்ப்பவளும் நான்தான்.

"வேணாம்," என்றார் அண்ணன். "பெரட்டுல ஒருத்தன் பேருக்கு இன்னொருத்தன் 'இருக்கேன்'னு சொன்னா நான் என்னா செய்வேன்?"

"வீட்டுக்கு அனுப்பிடுவீங்க," என்றார் புவனேஸ்வரன். "என்னையே ரெண்டு தடவ அனுப்பியிருக்கீங்க."

"ம். இதுவும் அப்படித்தான். நீ கேக்காதத கேட்டேன்னு சொல்லாத. அதுவும் அவ பேருல."

திரும்பும்போது அவர் சொன்னார், நேராக வீட்டுக்குப் போக வேண்டாம், பாலத்தடிக்குப் போவோம் என்று.   சிரம்பானைத் தாண்டியதும் தானாகவே ஆரம்பித்தார்.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள் பெரட்டுக்குப் போனேன். கிராணி அன்னைக்கு லீவு. வேலைய நாந்தான் கூப்பிடணும். சீட்டப் பாத்தா பதினாலாம் நம்பர்." இருக்கைப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "லோகா தழைய அடிங்கன்னு சொல்லணும். எல்லாரும் நிக்கறாங்க. புஷ்பவள்ளி நிக்கறா. அவ நிக்கற எடம் காலியா இருக்கு. எனக்கு வாய் வரல மா."

"என்ன செஞ்சீங்க?"

"பின்னால புதுசா வந்த இந்தோனேசியா லோம்போக் பசங்க நாலு பேரு நின்னானுங்க. அவனுங்களப் பாத்து மலாய்ல சொன்னேன். ரும்புட் லோகா, செம்ப்ரோட். மலாய்ல சொன்னா அது புல்லு. அவ்ளோதான். புல்லுக்கு மருந்தடின்னு சொல்ற மாதிரி. தமிழ்ல சொன்னா அவ." கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுக்கப்பறம் எட்டு வருசம் நான் தமிழ்ல சொல்லவே இல்ல. நம்ம பொம்பளைங்களுக்கும் மலாய்லதான் சொன்னேன். அவங்களும் புரிஞ்சுக்கிட்டு மலாய்லயே பேச ஆரம்பிச்சிட்டாங்க. புவனேஸ்வரன் சொல்றது சரிதான். அவனுக்கு நான் தமிழ்ல குடுக்கவே இல்லயே."

புவனேஸ்வரன் வீட்டுக்குப் போக அவர் ஏன் தயங்கினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாலத்தடியில் பாலம் இருந்தது. லயங்கள் இருந்த இடத்தில் இளஞ்செம்பனை. நாங்கள் காரை நிறுத்திவிட்டு மண்பாதையில் நடந்தோம். பதினாலாம் நம்பர் இப்போது வேறு எண்ணாக இருக்கலாம். அவர் மரத்தை எண்ணாமல் மேட்டைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்தார். ஓரத்தில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், நல்ல முடிச்சா என்று பார்ப்பது போல.

பாதையோரம் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் பம்பை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். லோம்போக் தீவுக்காரன். சலாம் சொன்னான். துணிக்கு இந்தப் பக்கம், மருந்து படாமல், அந்தச் செடி பூத்துக் கிடந்தது. இதன் பெயர் என்ன என்று மலாயில் கேட்டேன்.

"ரும்புட் லோகா," என்றான்.

யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். தன் மாமா சொன்னார் என்றான். மாமா முன்னால் இங்கே வேலை செய்தவர். மாமாவுக்கு யார் சொன்னது? பழைய மண்டோர் ஒருவர், இந்தியர், ரொம்பக் கண்டிப்பானவராம்.

"லோகா என்றால் என்ன?" என்று அண்ணன் கேட்டார். அவர் மலாய் எப்போதும் பெரட்டு மலாய், உரத்த குரலில் வரும். அன்று மெதுவாக வந்தது.

இளைஞன் தோளைக் குலுக்கினான். "நாமா ரும்புட் லா, பாக் சிக்." புல்லின் பெயர்தான், ஐயா.

அந்த மண்டோர் இவர்தான் என்று சொல்ல நான் வாய் திறந்தேன். அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார்.  பிறகு அந்த இளைஞனிடம், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு அடி, காற்றுக்கு எதிராக நிற்காதே என்று இரண்டு முறை சொன்னார். அவன் சரி சரி என்று தலையாட்டினான்.

மலாய்ப் பட்டியலில் 'ரும்புட் லோகா' என்று நான் சேர்த்துவிட்டு அவனிடம் சான்று கேட்டேன், அவனிடமும் கைப்பேசி இருந்தது. ஐந்து நிமிடத்தில் கணக்குத் தொடங்கி அந்த இடத்திலேயே எழுதினான். அன்று சாயங்காலம் புவனேஸ்வரனும் எழுதினார், தான் கேட்டதைக் கேட்டபடி. வட்டாரத்து ஆட்கள் இரண்டு பேர். மொழி மலாய். ஊர் நெகிரி செம்பிலான். மலாய்ப் பட்டியலைச் சரிபார்ப்பவர்கள் வேறு ஆட்கள். ஏற்கவோ நீக்கவோ எனக்கு அதில் உரிமை இல்லை. இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தமிழ்ப் பட்டியலில் லோகா தழைக்கு ஒரே சான்று, புஷ்பவள்ளி. இன்னும் ஒன்று தேவை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஜாகா கொட்டகைக்குப் போனேன். கம்பத்தை ஏற்றி ஒரு காரை உள்ளே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். வேலியோரச் செடியைப் படம் எடுத்துக் காட்டினார். மிதிகீரை என்றே வந்தது. தமிழில் வைத்திருக்கும்வரை இப்படித்தான் வரும், மொழியை மாற்றினால் வேறு மாதிரி வரும் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே கூசியது.

"மாத்தித் தா," என்றார்.

"எல்லாமே மலாய்ல வரும்ணே. பறவ, மரம் எல்லாம். தமிழ்ல ஒண்ணும் வராது."

"தமிழ்ப் பேரு எனக்குத் தெரியாதா? போன் சொல்லியா தெரியணும்?"

மாற்றிக் கொடுத்தேன். ரூமியை, மலாய் எழுதும் ஆங்கில எழுத்தை, அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்தச் செடியின் படத்தைத் தொட்டார். விரலை வைத்து, ரும்-புட் என்று மெதுவாகப் படித்தார். அடுத்த சொல்லை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு மோட்டார்சைக்கிள் வாசலில் ஹாரன் அடித்தது. எழுந்து போய்க் கம்பத்தை ஏற்றினார். அவன் உள்ளே போன பிறகும் கம்பத்தை இறக்காமல், கயிற்றைப் பிடித்தபடி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஹாமில்டனுக்குத் திரும்பி நான்கு மாதமாகிறது. ரோகினி ஒருநாள் அழைத்தாள். அப்பா போனை ஏன் மலாய்க்கு மாற்றி வைத்திருக்கிறார், திருப்பித் தமிழில் வைத்தால் கோபப்படுகிறார், என்னவென்று கேட்டாள். அவரையே கேள் என்றேன். கேட்டாளா என்று தெரியாது.

அவர் தினமும் அந்தச் செடியைப் படம் எடுத்துப் பதிகிறார். வேலியோரம், பேருந்து நிறுத்தம், பாரோய் அடுக்குமாடியின் வாய்க்கால் ஓரம். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு. ஒரே செடியைத் திரும்பத் திரும்பப் பதிய வேண்டாம் என்று யாரோ ஒரு பயனர் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியிருந்தார். மறுநாளும் அண்ணன் அதையே பதிந்தார். 

என் கைப்பேசி தமிழில் இருக்கிறது. அதனால் அவர் பதியும் ஒவ்வொன்றும் எனக்கு மிதிகீரை என்றே வருகிறது, நூற்றுப் பன்னிரண்டு முறையும். சில நாள் சமைப்பதற்கு முன்னால் மொழியை மலாய்க்கு மாற்றி ஒருமுறை பார்ப்பேன். பிறகு தமிழுக்கு மாற்றிவிட்டு, சரிபார்க்க வேண்டிய பட்டியலைத் திறப்பேன். லோகா தழை அங்கே இருக்கிறது. நான் இன்னும் நீக்கவில்லை. பக்கத்தில் சிவப்பில் எழுதியிருக்கும்: இன்னும் ஒருவர் தேவை.